கரையில் பிரிக்க முடிந்த எந்திரம்

பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவ ஊர்களுக்கு எஞ்சின் வந்த கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மூவரில் ஒருவருக்குப் பெருமையைக் கொடுத்துவிடுவார்கள்: மானியம் தந்த அரசு, வரைபடம் தந்த வெளிநாட்டு நிபுணர்கள், 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு படகு தந்த தொண்டு நிறுவனங்கள். மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் கொடுக்கப்பட்டதெல்லாம் இந்தக் கரையில் நிலைக்கவில்லை. சில எந்திரங்கள் காட்சிக்கு வந்து போயின, சில பக்கத்துத் துறைமுகத்தோடு நின்றன, ஒரே ஒரு வகைதான் குப்பத்துக்குக் குப்பம் பரவியது. எது கொடுக்கப்பட்டது என்று கேட்பதைவிட, எது தங்கியது, ஏன் தங்கியது என்று கேட்டால் வரலாறு வேறு மாதிரித் தெரிகிறது. சொந்தக்காரனே தன் வீட்டு வாசலில் பிரித்துப்போட்டு, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, தேய்ந்ததை மாற்றி, மறுநாள் விடியலில் தண்ணீரில் இறக்க முடிந்த எந்திரமே இங்கே தங்கியது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். இந்த அளவுகோல் எஞ்சினோடு வந்ததும் அல்ல. இந்தக் கரையில் அது பல நூற்றாண்டுப் பழக்கம்.

முதலில் இடம். ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்முனை தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில். ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கிறது. தெற்கே பழவேற்காடு ஊரை ஒட்டிய முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வரும், இறால் குஞ்சும் வரும். ஏரியின் ஆழம் பல இடங்களில் ஒரு மீட்டர்தான். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்தால் அதுவும் குறையும். வெளியே போனாலோ, மறிப்பில்லாத கரையில் அலை நேராக வந்து உடையும். ஆக, கோட்டைக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம், ஆண்டிகுப்பம், கூனங்குப்பம், லைட்ஹவுஸ்குப்பம் போன்ற ஊர்க்காரர்களுக்கு ஒரே படகு இரண்டு எதிரிகளைச் சமாளிக்க வேண்டும்: உள்ளே சேறும் மணலும், வெளியே உடையும் அலையும். தண்ணீருக்கடியில் நிலையாக நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் இந்த இடம் உடைத்துவிடும். உடைந்தால் இழுத்துப்போய்ச் சரிசெய்ய அருகில் பட்டறைத்துறையும் கிடையாது.

எஞ்சினுக்கு முந்தைய கலங்களைப் பார்த்தால் இந்த நெருக்கடிக்குக் கிடைத்திருந்த விடை தெரியும். கட்டுமரம் என்பது வளைவாகச் செதுக்கிய மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் உலர விடுவார்கள். நீர் குடித்த மரம் கனக்கும், உலர்ந்தால்தான் மறுநாள் மிதக்கும். அதாவது கலத்தைப் பிரிப்பதும் பூட்டுவதும் பழுது வந்தபோது மட்டும் செய்கிற வேலை அல்ல, அன்றாட வேலை. சோழமண்டலக் கரையின் இன்னொரு கலமான மசூலா படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் துளையிட்டுத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்து, தையலுக்கு அடியில் வைக்கோல் போன்ற அடைப்பு வைத்திருப்பார்கள். அலை மோதும்போது ஆணியடித்த படகு பிளக்கும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும். தையல் தளர்ந்தால் அதே கரையில் உட்கார்ந்து மறுபடி தைக்கலாம். 17ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையில் வணிகம் செய்த தாமஸ் பவுரி இவ்விரு கலங்களையும் விவரித்து எழுதிவைத்திருக்கிறார்.

டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பி, 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டல வாணிபம் முழுவதையும் பழவேற்காட்டிலிருந்து நடத்தினார்கள். துணிப் பொதிகள் இங்கிருந்து தென்கிழக்காசியத் தீவுகளுக்குப் போயின. கோட்டைக்குள் வெடிமருந்தும் தயாரித்தார்கள். உலகம் சுற்றி வந்த அவர்களுடைய பெரிய கப்பல்கள் இந்தக் கரையை நெருங்க முடியாமல் வெளியே நங்கூரம் பாய்ச்சி நின்றன. அங்கிருந்து கரைவரை பொதியையும் ஆளையும் கொண்டுவந்து சேர்த்தது உள்ளூர்ப் படகு. இதை வெறும் வண்ணத் தகவலாக நான் சொல்லவில்லை. அன்றைய ஐரோப்பாவின் மிக முன்னேறிய கடல் தொழில்நுட்பம், கடைசி ஒரு மைலுக்குக் கயிற்றால் தைத்த பலகையை நம்பியிருந்தது. இந்தக் கரையில் எந்தக் கலம் ஓடும் என்பதைத் தீர்மானிப்பது கலத்தின் வலிமை அல்ல, அடிபட்ட பிறகு அதே இடத்தில் எழுந்து நிற்கும் தன்மை என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தேவையில்லை.

20ஆம் நூற்றாண்டில் அரசு கடலுக்குள் வந்தது. சென்னை மாகாணத்தில் ஃபிரெடரிக் நிக்கல்சன் முன்னின்று மீன்வளத் துறையை உருவாக்கினார். அவருக்குப் பின் அத்துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டார். நாட்டுப் படகுகளை மதித்துப் பார்த்த கண் அவருடையது. பின்னர் வந்த திட்டங்களுக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. 1952இல் ஐக்கிய நாடுகள் சபை, இந்தியா, நார்வே மூன்றும் கையெழுத்திட்ட இந்தோ-நார்வே திட்டம் கேரளத்தில் கொல்லம் அருகே தொடங்கியது. உள்ளே எஞ்சின் பொருத்திய விசைப்படகு இந்திய மீன்பிடித் தொழிலின் எதிர்காலமாகப் பேசப்பட்டது. இறால் ஏற்றுமதி பணமாகக் கொட்டத் தொடங்கியதும் தமிழ்நாட்டிலும் விசைப்படகுகள் பெருகின. ஆனால் அவை சென்னையின் காசிமேட்டுத் துறைமுகத்தில் பெருகின, பழவேற்காட்டில் அல்ல. அடிப்பக்கத்தில் நிரந்தரமாகப் பொருத்திய புரொப்பல்லர், சுக்கான், தண்டு இவற்றோடு முகத்துவாரத்து மணலில் ஏறினால் என்ன ஆகும் என்பதை ஏரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த எஞ்சின் பழுதானால் படகைத் துறைமுகத்துக்குக் கட்டி இழுக்க வேண்டும், பட்டறைக்காரரின் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும், அதுவரை வருமானம் இல்லை.

ஏரிக்குள்ளே வேறொரு காரணமும் வேலை செய்தது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் பிடிபடும் இடங்களில் பாடு முறை நடக்கிறது. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைத் தலைக்கட்டுக் கணக்கில் ஊரே முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு இது. வலையை ஊன்றிவிட்டால் நீரோட்டமே இறாலைக் கொண்டுவந்து சேர்க்கும். முந்திப் போகிறவனுக்கு எந்த லாபமும் இல்லாத இந்த ஏற்பாட்டில் வேகத்துக்கு விலை கிடையாது. எஞ்சின் தேவைப்பட்டது ஏரிக்கு வெளியே, கடலில். ஆகவே பழவேற்காட்டுக்காரர்கள் எந்திரத்தை வெறுத்தார்கள், பழமைக்குள் ஒளிந்துகொண்டார்கள் என்று எழுதுவது தவறு. எந்த வேலைக்கு அது வேண்டும், எந்த வேலைக்கு வேண்டாம் என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருந்தது.

1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், துறைமுகம் இல்லாத இத்தகைய கரைகளை நேராகவே கணக்கில் எடுத்துக்கொண்டது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு நடத்திய இத்திட்டத்தில், அலையில் இறங்கிக் கரையில் ஏறும் படகுகளைப் பல வடிவங்களில் செய்து பார்த்தார்கள். டீசல் எஞ்சினும் புரொப்பல்லர் தண்டும் ஒரே உடலாகச் சாய்ந்து எழும்படி அமைத்து, மணல் வரும்போது புரொப்பல்லரை மேலே தூக்கிக்கொள்ள வழிசெய்தார்கள். கெட்டிக்காரத்தனமான வேலை அது, மரியாதையோடு சொல்ல வேண்டியது. அப்படியிருந்தும் தமிழகக் கரையில் அந்தப் படகு பரவலாக வேரூன்றவில்லை. விலையும் எடையும் காரணம் என்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். என் கணிப்பில் மூன்றாவது காரணமும் உண்டு. அந்த இணைப்பு அமைப்பு அந்தப் படகுக்கென்றே செய்த உறுப்பு. அது கெட்டால் அதைச் செய்தவரிடமே போக வேண்டும். அலையைச் சமாளிக்கத் தெரிந்த படகுக்குப் பக்கத்து ஊரான பொன்னேரியின் கடைத்தெருவைச் சமாளிக்கத் தெரியவில்லை.

பிறகு வந்தது பைபர் படகும் நீளத்தண்டு எஞ்சினும். கட்டுமரத்துக்கு ஏற்ற இலேசான மரம் கிடைப்பது அரிதாகி விலை ஏறிய 1990களில் கண்ணாடியிழைப் படகு இடம்பிடித்தது. அதன் பின்புறத்தில் ஒரு முளைமேல் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினை உட்கார வைத்து, அதிலிருந்து நீண்ட குழாய்க்குள் தண்டை ஓட்டி, நுனியில் புரொப்பல்லரைப் பூட்டினார்கள். கைப்பிடியை அழுத்தினால் நுனி தண்ணீரைவிட்டு மேலே வந்துவிடும். முழங்கால் ஆழத்திலும் ஓட்டலாம், மணல்மேட்டைத் தாண்டும்போது தூக்கிக்கொள்ளலாம், கரையேறியதும் எஞ்சினையே கழற்றித் தோளில் கம்பு கொடுத்து வீட்டுக்கு எடுத்துப்போகலாம். கடைசியில் சொன்னதைத்தான் வரலாற்றாளர்கள் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். எஞ்சின் வீட்டுக்கு வந்தது. வீட்டுக்கு வந்த பொருளை வீட்டுக்காரர் திறந்து பார்ப்பார்.

திறந்து பார்க்கத் தகுந்த எஞ்சினாகவும் அது இருந்தது. ஒரு காரின் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் ஒரு பெல்ட் வளைந்து வளைந்து ஓடி, மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்நேட்டரையும் நீர் சுற்றும் பம்பையும் குளிர்சாதனக் கம்பிரஸரையும் சுழற்றும். பெல்ட் தளராமல் இருக்க ஒரு புல்லி, அதைத் திருப்பிவிட இன்னொரு புல்லி. ஒவ்வொரு புல்லிக்குள்ளும் ஒரு பேரிங். இரைச்சல் கிளம்பினால் அவற்றில் எது என்று தேட வேண்டும். காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் இந்தக் கூட்டமே இல்லை. சுழலும் சக்கரத்தில் அமைந்த இறக்கைகளே காற்றை வீசிக் குளிர்விக்கின்றன, ஆகவே நீர்ப்பம்பு வேண்டாம். கயிறு சுற்றி இழுத்தோ கைப்பிடி சுழற்றியோ கிளப்புவதால் பேட்டரி வேண்டாம், ஆல்டர்நேட்டர் வேண்டாம், அவற்றை ஓட்டும் பெல்ட்டும் வேண்டாம். உப்புநீர் தெறிக்கும் இடத்தில் துருப்பிடிக்கவும் கத்தவும் கூடிய உறுப்புகள் வடிவமைப்பிலேயே கழிந்துவிட்டன. மீதி இருப்பதும் அந்நியப் பொருள் அல்ல. லம்பார்டினி எஞ்சின் போன்றவை வயலில் பம்புசெட்டையும் ஓட்டின. அந்த இனத்துக்கு உதிரிபாகம் விற்கும் கடையும், அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கையும் பொன்னேரி வட்டாரத்தின் நெல்வயல்களுக்காக முன்பே இருந்தன.

இரைச்சல் என்றேன். இந்தத் தொழிலில் பழுதுபார்க்கும் அறிவு பெரும்பாலும் காதில் இருக்கிறது, அதைச் சற்று அருகே போய்ப் பார்க்க வேண்டும். பெல்ட் உள்ள எந்திரத்தில் அது நழுவினால் கீச்சிடும். பேரிங் போனால் கரகரவென்று அரைக்கும், வேகம் கூடக் கூட ஓலமாக மாறும். தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்தால் சத்தத்தைவிட முதலில் கைப்பிடியில் அதிர்வு தெரியும். சத்தம் எங்கே என்று பிரித்தறிய நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் இருக்கும் உறையில் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்பது உலகெங்கும் மெக்கானிக்குகள் செய்வது, கடற்கரையும் விலக்கல்ல. கழற்றிய பேரிங்கைப் பெட்ரோலில் அல்லது டீசலில் அலசி விரலால் சுற்றினால் சொரசொரப்பு தெரியும். அதன் விளிம்பில் பொறித்த எண்தான் சாவி. 6205 என்றிருந்தால் உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15. எந்த நாட்டில் எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவு. சென்னைப் பாரிமுனைக் கடையில் எண்ணைச் சொன்னால் போதும், எஞ்சின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. புதியதை ஏற்றும்போது தண்டில் இறுக்கமாக உட்காரும் உள்வளையத்தில்தான் அடி விழ வேண்டும். வெளிவளையத்தில் தட்டினால் அந்த அதிர்ச்சி குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் பள்ளம் விழும், புதிய பேரிங் முதல் நாளே கத்தத் தொடங்கும். இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் குறைவு. ஒருமுறை காசு கொடுத்துக் கெடுத்தவர் மறுமுறை மறக்கமாட்டார்.

பேரிங்கின் பிறப்பும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. 1907இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஸ்வென் விங்குவிஸ்ட் என்ற பொறியாளர், தானே கோணத்தைச் சரிசெய்துகொள்ளும் பந்துப் பேரிங்கை உருவாக்கினார். அவர் வேலை பார்த்த நெசவாலை களிமண் நிலத்தில் நின்றது. நிலம் அசைய அசைய, பெல்ட்டும் புல்லியும் ஓடிய நீண்ட தண்டுகள் நேர்கோடு விலகின, பேரிங்குகள் அடுத்தடுத்துச் செத்தன. அசையும் நிலத்துக்கு அசையாத எந்திரம் பொருந்தாது என்று கண்டவர் அதிலிருந்து எஸ்.கே.எஃப். என்ற உலக நிறுவனத்தையே எழுப்பினார். அலையில் நெளியும்படி பலகையைத் தைத்த கைகளும் இதே முடிவுக்குத்தான் வந்திருந்தன.

இனி எதிர்வாதங்கள். முதலாவது வலுவானது: பைபர் படகும் எஞ்சினும் இத்தனை பெருகியது 2004 டிசம்பர் 26க்குப் பிறகு வந்த நிவாரணத்தால்தான், கடற்கரைக்காரர் தேர்ந்தெடுத்ததால் அல்ல என்பது. எண்ணிக்கைக்கு இது சரியான விளக்கம். ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையில் தேவைக்கு மேலேயே படகுகள் வழங்கப்பட்டன. அவற்றில் தரம் குறைந்த பைபர் படகுகள் இருந்ததை உணவு வேளாண்மை அமைப்பே எச்சரித்தது. ஆனால் நிவாரணம் எவ்வளவு என்பதை விளக்குமே தவிர எது என்பதை விளக்காது. கொடுக்க வந்தவர்கள் கரையில் என்ன ஓடிக்கொண்டிருந்ததோ அதையே கொடுத்தார்கள், ஏனென்றால் கேட்டவர்கள் அதையே கேட்டார்கள். கொடுத்ததில் ஓட்டைப் படகுகளும் எப்படித் தப்பின? பைபரும் கரையில் சரிசெய்யக்கூடிய பொருள். வெடிப்பைச் சுரண்டித் தேய்த்து, உலரவைத்து, இழைப்பாயை வெட்டி வைத்து, கெட்டியாக்கும் திரவம் கலந்த ரெசினைத் தூரிகையால் ஒற்றி ஒற்றிக் காற்றுக் குமிழை வெளியேற்றினால் சில மணி நேரத்தில் இறுகிவிடும். ஈரம் இருந்தால் ஒட்டாது, அவ்வளவுதான் விதி. கட்டு அவிழ்த்துப் பூட்டிய தலைமுறையின் பிள்ளைகள் ரெசின் கலக்கப் பழகிக்கொள்வதற்கு அதிக காலம் பிடிக்கவில்லை.

இரண்டாவது எதிர்வாதம் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. வீட்டு வாசல் மராமத்தைப் புகழ்வது வறுமையைப் புகழ்வதாகாதா? நல்ல சர்வீஸ் நிலையம் இல்லாததால் அல்லவா அவர்களே செய்துகொள்கிறார்கள்? மேலும், மணலில் பிரித்த எஞ்சினின் கழிவு எண்ணெய் ஏரிக்குத்தானே போகும்? எண்ணெய் பற்றிய குற்றச்சாட்டை அப்படியே ஏற்கிறேன். ஒரு மீட்டர் ஆழமுள்ள ஏரியில், இறால் குஞ்சு வளரும் நீரில், பழைய எண்ணெயைக் கொட்டுவதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. ஊருக்கொரு பீப்பாய் வைத்துச் சேகரிக்கலாம், அது கடினமல்ல. சர்வீஸ் நிலையம் பற்றியதற்கு என் பதில் வேறு. தென்கோடியில் குமரி, கேரளக் கரைகளில் தென்னிந்திய மீனவர் கூட்டமைப்பு வெளிநாட்டு அவுட்போர்டு எஞ்சின்களை இறக்குமதி செய்தபோதே அவற்றுக்கான மராமத்துப் பட்டறைகளையும் தானே நடத்தியது. மீனவர்களின் சொந்த அமைப்பு அது. அங்கே பட்டறை வந்ததால் மீனவர் கையில் இருந்த ஸ்பேனர் பறிபோகவில்லை. கைக்கு மீறியதைப் பட்டறையும் கைக்குள் அடங்கியதை வீடும் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடே அந்த எஞ்சின்களையும் ஓட வைத்தது. பழவேற்காட்டுக்கு வேண்டியது இந்த இரண்டும். சர்வீஸ் நிலையத்தை மட்டும் கொடுத்து வாசலை மூடுவதை முன்னேற்றம் என்று என்னால் சொல்ல முடியாது. மீன்பாடு உள்ள நாளில் எஞ்சின் நின்றால் நிற்பது ஓர் எஞ்சின் மட்டுமல்ல. பங்குமுறையில் படகுக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் ஒதுக்கிய பங்கோடு, கூட வந்த ஆட்களின் பங்கும், கரையில் கூடையோடு காத்திருக்கும் பெண்களின் அன்றைய வியாபாரமும் சேர்ந்து நிற்கும். மராமத்து எத்தனை தூரத்தில் இருக்கிறது என்பது அங்கே சோற்றுக் கணக்கு.

இந்த வரலாறு முடிந்துபோன ஒன்றாக இருந்தால் இவ்வளவு அக்கறையோடு எழுதத் தேவையில்லை. எந்திரங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. புகை குறைந்த, சத்தம் குறைந்த, மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட அவுட்போர்டு எஞ்சின்கள் வருகின்றன, அவற்றில் நன்மை இருக்கிறது. ஆனால் கார்களில் பேரிங்கை மட்டும் தராமல் புல்லியோடு சேர்த்து முழு உறுப்பாகவே விற்கும் வழக்கம் பரவியதுபோல, இங்கும் மூடிய பெட்டியாக எஞ்சின் வந்தால், எண்ணைச் சொல்லிப் பேரிங் வாங்கும் நாள் போய்விடும். நாட்டில் இதற்கு ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. ஒன்றிய நுகர்வோர் நலத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென இணையதளத்தையும் தொடங்கியது. முதற்கட்டமாக எடுத்துக்கொண்ட துறைகள் நான்கு: வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள். டிராக்டர் அதில் இருக்கிறது, கார் இருக்கிறது. மீன்பிடிப் படகின் எஞ்சின் தனித் துறையாக அதில் இடம்பெறவில்லை. அரசு மானியம் கொடுத்து வாங்க வைக்கும் எஞ்சினுக்கு உதிரிபாகப் பட்டியலும், தமிழில் மராமத்துக் கையேடும், தனித்தனியாக விற்கும் பேரிங்கும் சீலும் கட்டாயம் என்று மீன்வளத் துறை நிபந்தனை வைக்கலாம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, மானிய விதியில் சில வரிகள் சேர்த்தால் போதும். சட்டமன்றத்தில் மீன்வள மானியக் கோரிக்கை வரும்போது திருவள்ளூர் மாவட்டத்து உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும்.